மலைக்குளிரில் பி.ஆர்.எஃப்.: கிளிப் சிகிச்சையில் பல் நகர்வை விரைவுபடுத்தும் செய்முறை

முதல் முன்கடைவாய்ப்பல்லை எடுத்துவிட்டு அந்த இடத்துக்குக் கோரைப்பல்லை இழுத்து வருவதுதான் கிளிப் சிகிச்சையில் எல்லோருடைய பொறுமையையும் சோதிக்கிற கட்டம். மாதத்துக்கு 1 மி.மீ. நகர்ந்தாலே நல்ல வேகம். ஆறேழு மி.மீ. இடைவெளி மூட அரை வருடம் ஓடிவிடும். சமவெளியில் இது பெரிய விஷயமில்லை. கூடலூரிலிருந்து ஊட்டிக்கு 50 கி.மீ. மலைப்பாதையில் பஸ் பிடித்து வருகிறவருக்கும், மன்னவனூரிலிருந்து கொடைக்கானலுக்கு வருகிறவருக்கும் ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் கூலி, ஒரு நாள் பள்ளிக்கூடம். அதனால்தான் "சீக்கிரம் முடிக்க வழி இருக்கா டாக்டர்?" என்ற கேள்வி மலைமேல் அடிக்கடி வருகிறது.

ஒரு வழி இருக்கிறது. நோயாளியின் ரத்தத்தையே எடுத்து, சுழற்றி, தட்டணுக்கள் (பிளேட்லெட்) செறிந்த பகுதியைப் பிரித்து, நகர வேண்டிய பல்லின் பக்கத்தில் வைப்பது அல்லது ஊசியால் செலுத்துவது. இப்படிப் பிரித்தெடுப்பதில் ஒரு வகைதான் தலைப்பில் உள்ள பி.ஆர்.எஃப். (தட்டணு செறிந்த ஃபைப்ரின்). பெரிய கருவிச் செலவு இல்லை, வெளிப்பொருள் எதுவும் உடம்புக்குள் போவதில்லை. ஆனால் குளிர், உயரம், மின்வெட்டு மூன்றும் இந்தச் செய்முறையின் மேல் நேரடியாகக் கைவைக்கும். இந்தக் குறிப்பு மலைப்பகுதியில் கிளினிக் நடத்தும் பல் சீரமைப்பு மருத்துவர்களுக்கும் அவர்களுடைய உதவியாளர்களுக்கும் எழுதப்பட்டது. நோயாளிகளும் படிக்கலாம். வீட்டிலோ அழகு நிலையத்திலோ செய்து பார்க்கிற வேலை இல்லை இது.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

எலும்பில் ஒரு சின்னக் காயமோ தூண்டலோ ஏற்பட்டால் அந்த இடத்தில் எலும்பு கரைவதும் கட்டுவதும் சில வாரங்களுக்கு வேகமெடுக்கும். எலும்பு மருத்துவர் ஹெரால்டு ஃப்ராஸ்ட் 1983-இல் இதை விவரித்தார். தட்டணுக்களிலிருந்து வெளிவரும் பி.டி.ஜி.எஃப்., டி.ஜி.எஃப்.-பீட்டா, வி.இ.ஜி.எஃப். போன்ற வளர்ச்சிக் காரணிகள் அந்தத் தூண்டலுக்குத் துணை நிற்கும் என்பதுதான் இதன் அடிப்படை. பல் போகிற திசையில் இருக்கும் எலும்பு கரைந்து வழி விட்டால்தான் பல் நகரும்.

இதுவரை வந்த ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. வாயின் ஒரு பக்கம் செலுத்தி மறுபக்கத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், சிலவற்றில் முதல் ஓரிரு மாதம் வேகம் கூடியது. சிலவற்றில் வித்தியாசமே தெரியவில்லை. ஆரம்பத்தில் கிடைத்த லாபம் மூன்றாம் மாதத்தில் கரைந்துபோனதும் உண்டு. ஆகவே "பாதி நாளில் முடிந்துவிடும்" என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். பிள்ளையைக் கூட்டி வரும் அம்மாவிடம் இப்படிச் சொன்னால் போதும்: "அம்மா, புள்ளையோட ரத்தத்தையே கொஞ்சம் எடுத்து ஈறுல போடுவோம். மொத ரெண்டு மாசம் பல்லு கொஞ்சம் வெரசா நகரலாம், நகராமலும் போகலாம். இது இல்லாமலும் பல்லு சரியாகும்." இதைக் கேட்ட பிறகும் சம்மதித்தால் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். 18 வயதுக்குக் கீழே என்றால் பெற்றோர் கையெழுத்து வேண்டும்.

இன்னொரு கணக்கையும் முதலிலேயே போட்டுவிட வேண்டும். ஊசி போடுவதற்கென்றே கூடுதலாக இரண்டு தடவை வரச் சொன்னால், மிச்சமாகிற பஸ் பயணம் அதிலேயே போய்விடும். ஆய்வுகளில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை என்று பல விதமாகச் செய்கிறார்கள். மலைப்பகுதிக்கு எங்கள் பரிந்துரை, கம்பி இறுக்க வருகிற நான்கு வார வருகையோடு சேர்த்தே போடுவது. அதுவும் முதல் இரண்டு, அதிகம் போனால் மூன்று தடவை மட்டும்.

யாருக்கு வேண்டாம்

முதலில் முழு ரத்தப் பரிசோதனை. தட்டணு மைக்ரோலிட்டருக்கு 1,50,000 முதல் 4,50,000 வரை இருப்பது இயல்பு. ஒரு லட்சத்துக்குக் கீழே இருந்தால் செய்ய வேண்டாம். ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே இருந்தால், பல் வேகமாக நகர்வதற்காக ரத்தம் எடுப்பது நியாயமில்லை. முதலில் சோகையைப் பாருங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்கள், ரத்தக்கசிவுக் கோளாறு உள்ளவர்கள், கட்டுப்பாட்டில் இல்லாத சர்க்கரை நோய், கர்ப்பம், ஈறில் சீழ் அல்லது தொட்டால் ரத்தம் வரும் வீக்கம் ஆகிய எல்லாமே தள்ளிப்போட வேண்டியவை. ஈறு வீங்கிய வாயில் தட்டணுச் செறிவைப் போடுவது வீக்கத்துக்கு மேல் வீக்கம்தான்.

நீலகிரியில் இதைத் தாண்டி ஒரு கேள்வி கட்டாயம் கேட்கப்பட வேண்டும். இந்தியாவில் அரிவாள் செல் (சிவப்பணு அரிவாள் போல வளையும் பரம்பரை ரத்த நோய்) மரபணு முதன்முதலில் பதிவானதே நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான், 1952-இல். கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களில் இன்றைக்கும் இந்த நோய் இருக்கிறது. பலருக்குப் பரிசோதனை அட்டை இருக்கும். கேட்டு வாங்கிப் பாருங்கள். இல்லையென்றால் பரிசோதனை செய்துவிட்டுத் தொடங்குங்கள். அரிவாள் செல் நோய் உள்ளவருக்குக் குளிரும் நீர்ச்சத்துக் குறைவும் மனப்பதற்றமுமே வலி நெருக்கடியைத் தூண்டக் கூடியவை. கிளிப் சிகிச்சையே மென்மையான விசையோடும் நீண்ட இடைவெளியோடும், அவரைக் கவனிக்கும் மருத்துவரின் ஒப்புதலோடும்தான் நடக்க வேண்டும். அவருக்கு இந்த வேகப்படுத்தும் முறை வேண்டவே வேண்டாம். நோய் இல்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர் விஷயத்திலும் அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

கடைசி பத்து நாளில் ஆஸ்பிரின் சாப்பிட்டாரா என்றும் கேளுங்கள். தட்டணுவின் ஆயுளே 7 முதல் 10 நாள்தான். ஆஸ்பிரின் பட்ட தட்டணு அந்த ஆயுள் முடியும் வரை தேறாது. தலைவலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போட்ட மாத்திரையை யாரும் "மருந்து" என்று கணக்கில் சொல்வதில்லை. பெயரைச் சொல்லிக் கேட்டால்தான் வெளியே வரும். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவரிடம் அதை நிறுத்தச் சொல்லாதீர்கள். அவருக்கு இந்த முறை இல்லை, அவ்வளவுதான்.

எந்த வகை

பி.ஆர்.பி. (தட்டணு செறிந்த பிளாஸ்மா) பழைய முறை. சோடியம் சிட்ரேட் போன்ற உறைவுத்தடுப்பான் கலந்த டியூபில் ரத்தம் எடுத்து இரண்டு தடவை சுழற்ற வேண்டும், பிறகு கால்சியம் குளோரைடு சேர்த்துத் தூண்ட வேண்டும். கைவேலை அதிகம், தவறுக்கு இடமும் அதிகம். திட பி.ஆர்.எஃப். முறையை பிரான்சில் சுக்ரூனும் குழுவினரும் 2001-இல் வெளியிட்டார்கள். எதுவும் கலக்காமல் ஒரே தடவை சுழற்றினால் ஜெல்லி போன்ற கட்டி கிடைக்கும். பல் எடுத்த குழியில் வைக்க இது தோதானது. ஐ-பி.ஆர்.எஃப். என்பது அதன் திரவ வடிவம். குறைந்த வேகத்தில் மூன்று நிமிடம் சுழற்றினால் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறத்தில் வரும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் தானாக உறைந்துவிடும், அதற்குள் ஊசியில் ஏற்றிச் செலுத்திவிட வேண்டும்.

பல் எடுக்கப்போகிற நாளாக இருந்தால் குழியில் திட பி.ஆர்.எஃப். வைப்பதே மேல். அன்றைக்கு எப்படியும் வந்தாக வேண்டும், தனி வருகை இல்லை, குழியும் நன்றாக ஆறும். பல் முன்பே எடுத்தாகிவிட்டது என்றால் ஐ-பி.ஆர்.எஃப். இனி வருகிற பகுதி பெரும்பாலும் இந்த இரண்டையும் பற்றியது.

டியூபும் சென்ட்ரிஃபியூஜும்

அதிகம் தவறு நடக்கிற இடம் டியூப்தான். "பிளெய்ன் சிவப்பு மூடி" என்று கேட்டால் கடையில் உறைவைத் தூண்டும் பொருள் பூசிய பிளாஸ்டிக் டியூபைக் கொடுத்துவிடுவார்கள். அதுவும் சிவப்பு மூடிதான். அதில் ஐ-பி.ஆர்.எஃப். எடுக்கப் பார்த்தால் மூன்று நிமிடத்துக்குள் டியூபிலேயே உறைந்து நிற்கும். ஐ-பி.ஆர்.எஃப்.-க்கு எதுவும் பூசாத வெறும் பிளாஸ்டிக் டியூப் வேண்டும். திட பி.ஆர்.எஃப்.-க்கு எதுவும் சேர்க்காத கண்ணாடி டியூப். கண்ணாடிப் பரப்புதான் உறைவைத் தொடங்கி வைக்கிறது, வெறும் பிளாஸ்டிக்கில் கட்டி சரியாக வராது. மூடி நிறத்தை நம்பாமல் லேபிளில் இருப்பதைப் படியுங்கள். ஊதா மூடி, ஜெல் உள்ள மஞ்சள் மூடி இரண்டும் இந்த மேசைக்கே வரக் கூடாது.

அடுத்தது சென்ட்ரிஃபியூஜ் என்கிற சுழற்றும் இயந்திரத்தின் வேகம். அதை ஆர்.பி.எம்., அதாவது நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று சொல்வார்கள். "700 ஆர்.பி.எம்., 3 நிமிடம்" என்று படித்துவிட்டு எல்லா இயந்திரத்திலும் 700 வைப்பது தப்பு. ரத்தத்தைப் பிரிப்பது சுற்று எண்ணிக்கை அல்ல, அதனால் உண்டாகும் மையவிலக்கு விசை. அது டியூப்களைத் தாங்கிச் சுழலும் ரோட்டரின் ஆரத்தையும் பொறுத்தது. ரோட்டரின் மையத்திலிருந்து, டியூப் சுழலும் நிலையில் அதன் அடிப்பகுதி வரை செ.மீ.யில் அளந்துகொள்ளுங்கள். ஆர்.பி.எம்.-ஐ ஆயிரத்தால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, ஆரத்தாலும் 11.18-ஆலும் பெருக்கினால் விசை கிடைக்கும். ஆரம் 11 செ.மீ. உள்ள இயந்திரத்தில் 700 ஆர்.பி.எம். என்பது புவியீர்ப்பைப் போல 60 மடங்கு. இதுதான் ஐ-பி.ஆர்.எஃப்.-க்கு வேண்டிய அளவு. ஆரம் 8 செ.மீ. மட்டுமே உள்ள சின்ன மேசை இயந்திரத்தில் அதே 700 வைத்தால் 44 மடங்குதான் வரும், அடுக்கு தெளிவாகப் பிரியாது. அதில் 820 வைக்க வேண்டும். திட பி.ஆர்.எஃப்.-க்கு 11 செ.மீ. ஆரத்தில் 1,300 ஆர்.பி.எம்., 8 நிமிடம், ஏறக்குறைய 208 மடங்கு. 8 செ.மீ. இயந்திரத்தில் அதற்குச் சமம் 1,525. இந்த எண்களை ஒரு தாளில் எழுதி இயந்திரத்தின் மூடியிலேயே ஒட்டிவிடுங்கள்.

பிரேக் வசதி இருந்தால் அணைத்து வையுங்கள். சட்டென்று நிற்கும்போது பிரிந்த அடுக்கு மறுபடி கலங்கும்.

மின்சாரம். தென்மேற்குப் பருவமழை நாளில் மரம் விழுந்தால் மின்சாரம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஐந்தாவது நிமிடத்தில் நின்றுபோன திட பி.ஆர்.எஃப்.-ஐ மறுபடி சுழற்றிக் காப்பாற்ற முடியாது. அது ஏற்கெனவே அரைகுறையாக உறைந்திருக்கும். சைன் வேவ் இன்வெர்ட்டரில் சென்ட்ரிஃபியூஜுக்கென்று தனி இணைப்பு கொடுத்துவிட்டு ஆரம்பியுங்கள். அது இல்லையென்றால் மழை பலமாக இருக்கிற நாளில் ரத்தம் எடுக்காதீர்கள். நோயாளியின் கையில் இரண்டாவது முறை குத்துவதை விட ஒரு மாதம் தள்ளிப்போவது மேல்.

குளிரும் உயரமும்

ஜனவரிக் காலையில் ஊட்டியில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும்போது, கணப்பு இல்லாத கிளினிக் அறை 10, 12 டிகிரியில் இருக்கும். அந்த அறையில் இரவெல்லாம் கிடந்த கண்ணாடி டியூபில் ரத்தம் விழுந்தவுடனே சூடு இறங்கிவிடும். உறைவு மெதுவாகும். எட்டு நிமிடம் கழித்துப் பார்த்தால் கட்டி சின்னதாக, கொழகொழவென்று, கிள்ளினால் பிய்ந்து வருகிற மாதிரி இருக்கும். இயந்திரத்தில் கோளாறு என்று நினைத்து வேகத்தைக் கூட்டுவார்கள். கோளாறு இயந்திரத்தில் இல்லை, குளிரில்.

செய்ய வேண்டியது எளிது. திட பி.ஆர்.எஃப்.-க்கான டியூப்களை மூடியோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, 37 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடம் வையுங்கள். தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும், கை விட்டுப் பார்ப்பது போதாது. குளிர்ந்த கைக்கு எல்லா நீரும் சூடாகத்தான் தெரியும். வெளியே எடுத்து ஈரம் துடையுங்கள். எடை சமமாக இருக்க எதிர்ப்பக்கம் வைக்கிற தண்ணீர் டியூபையும் சேர்த்தே சூடாக்குங்கள். அறையில் ஒரு மணி நேரம் முன்பே ஹீட்டர் போட்டு, சென்ட்ரிஃபியூஜ் மூடியைத் திறந்து வைத்தால் உள்ளே இருக்கும் குளிரும் போய்விடும். ஐ-பி.ஆர்.எஃப்.-க்கு இந்த வெந்நீர் வேலை கூடாது, அது நமக்குத் திரவமாகவே இருக்க வேண்டும். அறை 22, 24 டிகிரிக்கு வந்தால் போதும்.

உயரத்தின் வேலை இன்னும் நுட்பமானது. ஊட்டி 2,240 மீட்டர். கடல் மட்டத்தை விடக் காற்றழுத்தம் அங்கே கிட்டத்தட்ட கால் பங்கு குறைவு. வெற்றிட டியூபுக்குள் ரத்தம் ஏறுவது வெளியழுத்தத்துக்கும் உள்ளழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தால். வெளியழுத்தம் குறைந்தால் 10 மி.லி. டியூப் 9 மி.லி. சுற்றியே நின்றுவிடும். டியூப் பழையது என்று நினைத்து அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருந்தால், விலைமதிப்பில்லாத ஒரு நிமிடம் வீணாகும். ரத்தம் ஏறுவது நின்றதும் எடுத்துவிடுங்கள். தண்ணீர் டியூபின் அளவை அதற்குச் சமமாகச் சரிசெய்யுங்கள். பி.ஆர்.பி. செய்பவர்களுக்கு இது பெரிய சிக்கல். ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு ரத்தம் என்ற கணக்கு இங்கே குலைந்துவிடும். அவர்கள் சிரிஞ்சில் அளந்து எடுப்பதே சரி.

மலையில் வாழ்பவர்களுக்குச் சிவப்பணு விகிதம் சற்றுக் கூடுதலாக இருக்கும், ஆண்களுக்கு இன்னும் கூடுதல். சிவப்பணு அதிகம் என்றால் மஞ்சள் பகுதிக்கு இடம் குறைவு. சமவெளியில் இரண்டு டியூப் போதுமென்றால் இங்கே மூன்று எடுத்துவைப்பது நல்லது.

ரத்தம் எடுக்கும் அந்த இரண்டு நிமிடம்

கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளையோ கூடலூர்ப் பாதையையோ கடந்து வருகிறவர்கள், வாந்தி வரும் என்று பயந்து காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வருவார்கள். அந்த நிலையில் ஊசியைப் பார்த்ததும் மயங்கி விழ வாய்ப்பு அதிகம். ரத்தநாளமும் சுருங்கிக் கிடக்கும். வந்ததும் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், இரண்டு இட்லியோ பன்னோ. முழங்கை மடிப்பில் ஹாட் வாட்டர் பேக் ஐந்து நிமிடம் வைத்தால் ரத்தநாளம் எழும்பி வரும்.

ரத்தம் எடுப்பதற்கு முன்பே வாய் வேலை எல்லாம் முடிந்திருக்க வேண்டும். கோரைப்பல் முனையிலிருந்து முதல் கடைவாய்ப்பல்லின் முன்மேடு வரை டிஜிட்டல் காலிப்பரில் அளந்து எழுதியாயிற்றா, கம்பி ஏறியாயிற்றா, ஈறை மரத்துப்போகச் செய்யும் ஊசி (மரப்பூசி) போட்டாயிற்றா? இவை மூன்றும் முடிந்த பிறகுதான் கையைத் தொட வேண்டும். பல்லை இழுக்கும் ஸ்பிரிங்கை மட்டும் கடைசிக்கு விடுங்கள், ஊசி போக இடம் வேண்டும். மரப்பூசி ஊறுவதற்கும் இந்த நேரம் பயன்படும்.

கைக்கட்டு போட்டு ஒரு நிமிடத்துக்குள் குத்திவிட வேண்டும். 21 கேஜ் பட்டர்ஃபிளை ஊசி போதும். இதை விட மெல்லியது என்றால் ரத்தம் மெதுவாக வரும், அணு உடையும். டியூபில் நோயாளியின் பெயரை முன்பே எழுதி ஒட்டுங்கள். ஒரு நேரத்தில் ஒரு நோயாளியின் ரத்தம்தான் அந்த அறையில் இருக்க வேண்டும். ஒருவருடைய ரத்தம் இன்னொருவருக்குப் போவது எந்தக் காரணத்தாலும் மன்னிக்க முடியாத தவறு.

ரத்தம் எடுக்க ஒருவர், இயந்திரத்துக்கு ஒருவர் என்று இரண்டு பேர் வேண்டும். உறைவுத்தடுப்பான் இல்லாததால் டியூபில் ரத்தம் விழுந்த நொடியிலிருந்தே கடிகாரம் ஓடத் தொடங்கிவிடும். 60 முதல் 90 நொடிக்குள் சுழல ஆரம்பிக்க வேண்டும். மூன்று டியூப் எடுக்கிறீர்கள் என்றால் முதல் டியூபுக்கே இந்தக் கணக்கு. டியூபைக் குலுக்காதீர்கள். டியூப்கள் எதிரெதிரே சம எடையில் இருக்கின்றனவா என்று பார்த்து மூடியை அடையுங்கள். இயந்திரம் அதிர்ந்தால் அடுக்கு கலங்கும்.

ஐ-பி.ஆர்.எஃப். செலுத்துதல்

இயந்திரம் நின்றதும் டியூபைச் சாய்க்காமல் எடுத்து நிறுத்துங்கள். மேலே கண்ணாடி போல ஆரஞ்சு மஞ்சள், கீழே சிவப்பு. இரண்டுக்கும் நடுவிலிருக்கும் எல்லைதான் முக்கியம். தட்டணுவும் வெள்ளணுவும் அங்கேதான் செறிந்திருக்கும். 18 கேஜ் நீள ஊசியை டியூபின் சுவரை ஒட்டி இறக்கி, அந்த எல்லைக்குச் சற்று மேலே நிறுத்தி மெதுவாக இழுங்கள். கடைசியில் சிவப்பு ஒரு நூல் அளவு கலந்தால் பரவாயில்லை. சிரிஞ்ச் முழுக்க ரோஜா நிறமானால் ஆழமாகப் போய்விட்டீர்கள் என்று அர்த்தம், அதைப் போடாதீர்கள். 10 மி.லி. டியூபிலிருந்து 1 மி.லி. சுற்றிக் கிடைக்கும். பேராசைப்பட்டு மேலே இருக்கிற நீர்த்த பகுதியையும் சேர்த்தால் அளவு கூடும், செறிவு குறையும்.

அதை 1 மி.லி. சிரிஞ்சுகளுக்கு மாற்றி, 27 அல்லது 30 கேஜ் ஊசி பொருத்துங்கள். மேல்தாடைக் கோரைப்பல்லைப் பின்னால் இழுப்பதாக வைத்துக்கொண்டால், மருந்து போக வேண்டியது பல்லின் பின்பக்கம், அது போகிற வழியில். கன்னப்பக்கம் வேரின் நடு உயரத்தில் எலும்பை ஒட்டி 0.4 மி.லி. பின்-கன்னப்பக்க மூலையில் பல்லுக்கும் ஈறுக்கும் இடையே இறக்கி 0.2. பின்-அண்ணப்பக்கத்தில் 0.2 முதல் 0.3. ஒரு பல்லுக்கு மொத்தம் 1 மி.லி.க்குள் நிறுத்துங்கள். அண்ணத்து ஈறு எலும்போடு ஒட்டியிருக்கும், இடமே இருக்காது. அங்கே வேகமாகத் தள்ளினால் ஈறு வெளுத்துப்போய், மரத்திருந்தாலும் வலிக்கும். வெளுப்பு தெரிந்ததும் கையை நிறுத்தி, அரை நிமிடம் விட்டுத் தொடருங்கள்.

கடைவாய்ப்பல் பக்கம் ஒரு துளிகூடப் போகக் கூடாது. அது நங்கூரமாக நிற்க வேண்டிய பல். அதைச் சுற்றி எலும்பு இளகினால் கோரைப்பல் பின்னால் வருவதற்குப் பதிலாகக் கடைவாய்ப்பல் முன்னால் வந்து, எடுத்த பல்லின் இடம் வீணாகும். எலும்பில் பொருத்தும் மினி ஸ்க்ரூவில் ஸ்பிரிங்கை மாட்டினால் இந்தப் பயம் பெருமளவு குறையும். 0.022 அங்குலத் துளையுள்ள பிராக்கெட்டில் 0.019-க்கு 0.025 அங்குல ஸ்டீல் கம்பி, நிட்டி (நிக்கல்-டைட்டானியம்) ஸ்பிரிங் 150 கிராம் விசை. விசைமானியில் பார்த்து மாட்டுங்கள். மெல்லிய கம்பியில் வேகமாக இழுத்தால் பல் நகராது, சாயும். சாய்ந்ததை அளந்து வேகம் என்று மகிழ்ந்தால், அதை நிமிர்த்தவே இரண்டு மாதம் போகும்.

இயந்திரம் நின்றதிலிருந்து கடைசித் துளி வரை பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். ஊசி அடைத்துக்கொண்டால் அழுத்தித் தள்ளாதீர்கள். உறைந்துவிட்டது, அவ்வளவுதான்.

குழியில் திட பி.ஆர்.எஃப்.

எட்டு நிமிடம் முடிந்து இயந்திரம் நின்றதும் மூடியைத் திறந்து ஐந்து நிமிடம் அப்படியே நிறுத்தி வையுங்கள், கட்டி இறுகும். இடுக்கியால் தூக்கினால் மஞ்சள் கட்டியோடு சிவப்பு வால் தொங்கி வரும். அதை ஒட்ட வெட்டிவிடாதீர்கள். எல்லையை ஒட்டிய ஒன்றிரண்டு மி.மீ. சிவப்பை விட்டுக் கத்தரியுங்கள், சரக்கு அங்கேதான் இருக்கிறது. துணியில் வைத்துப் பிழியக் கூடாது. துளையுள்ள தட்டில் வைத்து மேலே கனமில்லாத மூடி போட்டால் நீர் வடிந்துவிடும். குழிக்கு ஒன்று அல்லது இரண்டு கட்டி. வைத்த பிறகு எட்டு வடிவத் தையல் ஒன்று போடுங்கள், இல்லையென்றால் முதல் வாய்க் கொப்பளிப்பிலேயே வெளியே வந்துவிடும். கம்பி தயாராக இருந்தால், ஆறும் குழியை நோக்கிப் பல்லை நகர்த்துவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

வீட்டுக்குப் போன பிறகு

வலிக்குப் பாராசிட்டமால் மட்டும். பெரியவர்களுக்கு 500 மி.கி., ஆறு மணி நேர இடைவெளியில். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வேண்டாம். எலும்பு கரைவதற்கு வேண்டிய புரோஸ்டாகிளாண்டினை அவை தடுக்கின்றன. ஒரு கையால் வேகப்படுத்தி இன்னொரு கையால் பிரேக் போட்ட கதையாகிவிடும். சீட்டில் வேண்டாத மாத்திரைகளின் பெயரையும் தமிழில் எழுதிக் கொடுங்கள்.

மரப்பு போகும் வரை சூடான டீ வேண்டாம், உதடு வெந்தால்கூடத் தெரியாது. ஊட்டி வர்க்கியைக் கடிக்கக் கூடாது, டீயில் ஊறவைத்துச் சாப்பிடலாம். பச்சைக் கேரட்டை அப்படியே கடிப்பதும் வேண்டாம். பிராக்கெட் பிய்ந்தால் ஊசி போட்ட பலனெல்லாம் அந்த மாதத்தோடு போச்சு. 0.2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் காலை இரவு ஐந்து நாள். இரண்டு நாள் லேசான வீக்கம் இருக்கும். மூன்றாம் நாளும் கூடிக்கொண்டே போனால், காய்ச்சல் வந்தால், சீழ் வந்தால் உடனே வர வேண்டும். தூரத்து ஊர்க்காரர்களுக்கு மறுநாள் நீங்களே போன் செய்து கேளுங்கள்.

ஊசிகள் வெள்ளைக் கொள்கலனில், ரத்தப் பஞ்சு மஞ்சள் பையில், பிளாஸ்டிக் டியூப் சிவப்பில், கண்ணாடி டியூப் நீலத்தில். ரத்தம் பட்ட கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்பது 2016 விதி. மண்சரிவில் பாதை அடைத்தால் கழிவு வண்டி வராது. மழை எச்சரிக்கை உள்ள வாரத்தில் இந்த வேலையை வைக்காமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நகரவில்லை என்றால்

நான்கு வாரம் கழித்து அதே இரண்டு புள்ளிகளை அதே காலிப்பரில் அளந்து பாருங்கள். அரை மி.மீ.கூட நகரவில்லை என்றால் அடுத்த ஊசிக்குக் கை போகக் கூடாது. முதலில் கம்பியைப் பாருங்கள். பிராக்கெட் துளையில் கம்பி நெளிந்து சிக்கியிருக்கலாம். கீழ்ப்பல் இடித்துத் தடுக்கலாம். ஸ்பிரிங் அளவுக்கு மேல் இழுபட்டுத் தளர்ந்திருக்கலாம். கோரைப்பல் வேர் வெளி எலும்புச் சுவரில் முட்டி நிற்கலாம். இவற்றில் எதையும் தட்டணு சரிசெய்யாது.

ஒரு பக்கம் மட்டும் போட்டிருந்தால் மறுபக்கத்தையும் அளந்து எழுதுங்கள். இரண்டு மாதம் முடிந்தும் இரண்டு பக்கமும் ஒன்றாகவே நகர்கின்றன என்றால், அந்த நோயாளிக்கு இது பலன் தரவில்லை. மூன்றாவது தடவை ரத்தம் எடுக்காமல் வழக்கமான சிகிச்சையைத் தொடருங்கள். கட்டணத்தையும் ஊசிக்கு ஊசி தனியாக வாங்குங்கள். மொத்தமாக முன்பணம் வாங்கியிருந்தால், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்த யாருக்கும் மனம் வராது.